பள்ளத்து விசில்

"சத்தம் போடாதீங்க. யாரும் பதில் குரல் கொடுக்கக் கூடாது" என்றார் கேப்டன்.

கூடார ஆணியை அடித்துக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் சுத்தியலை நிறுத்தினான்.

ஏரிக்கு அந்தப் பக்கம், மரங்களுக்குள்ளிருந்து விசில் சத்தம். நீளமாக மூன்று தடவை. அப்புறம் அமைதி. மறுபடி மூன்று தடவை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரிலிருந்து பனி எழும்பி, எதிர்க்கரையை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது.

வாரா வாரம் சேர்ந்து ஓடுகிற கிளப் அது. வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து, காட்டுப் பாதையில் ஓடி, கூடாரம் போட்டுத் தங்கிவிட்டுப் போவார்கள். மெக்கானிக் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதனால் அவனுக்குப் பெயரே 'புதுசு'.

"நம்ம கிளப் விசில் மாதிரியே இருக்கே?" மெக்கானிக் தன் கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "யாராவது வழி தவறிட்டாங்களா?"

"எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்றாள் பேக்கரி அக்கா. சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஊதறது யாரு?"

கேப்டன் அவன் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போனார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். எதையும் நிதானமாகச் சொல்லிப் பழகியவர்.

"உன்னைப் பயமுறுத்தறதுக்காகச் சொல்லலைடா. போன வருஷம் நம்ம ஆளு ஒருத்தன் ஓடும்போது எதிர்க்கரையில இருக்கற பள்ளத்துல விழுந்துட்டான். மறுநாள் காலையிலதான் கண்டுபிடிச்சோம். உயிர் இல்லை. இப்போ கூப்பிடறது அவன்தான். அந்தப் பக்கம் போனவங்களை அது திரும்ப விடாது."

விசில் மறுபடி வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் அவசரமாக.

கேப்டன் கையைக் காட்ட, யாரோ ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டார்கள். இன்னொருத்தர் சத்தத்தைக் கூட்டினார். எல்லாரும் கைதட்டித் தாளம் போட்டார்கள். முகங்கள் மட்டும் இழவு வீடு மாதிரி இருந்தன.

மெக்கானிக்குக்கும் பயம்தான். ஆனால் தொழில் புத்தி அவனைச் சும்மா உட்கார விடவில்லை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பெல் அடிப்பார்கள். பாதி நேரம் ஏதாவது வாலு விளையாட்டாக அமுக்கியதாக இருக்கும். திட்டிக்கொண்டேயாவது போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருவான்.

"நான் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன் கேப்டன்."

"சொன்னா கேளு! நாளைக்கு உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்ல முடியாது."

"துணைக்கு யாராவது வர்றீங்களா?"

பேக்கரி அக்கா அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் தாளம் போடுவதில் மும்முரமானார்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையைச் சுற்றி நடந்தான். பனிக்குள் டார்ச் வெளிச்சம் கையெட்டும் தூரத்தைத் தாண்டவில்லை. பின்னால் பாட்டுச் சத்தம் தேய்ந்தது. முன்னால் விசில் வளர்ந்தது. அவன் பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் விசில் சட்டென்று நின்றுபோனது.

நின்றுபோனதுதான் அதிகம் பயமாக இருந்தது.

"யா... யாரு?" டார்ச்சைக் கீழே அடித்தான்.

கீழே, ஒரு பாறை மேல் ஒரு உருவம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கிளப்பின் ஆரஞ்சு டி-சர்ட். தோள் இரண்டும் தொங்குகிற அளவுக்குத் தொளதொளவென்று. டார்ச் வெளிச்சம் பட்டும் திரும்பவில்லை.

திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தான்.

அந்த உருவம் மெதுவாகத் திரும்பியது. பெண். கால் தரையில் இருக்கிறதா என்று தன்னையறியாமல் பார்த்தான். இருந்தது. பழைய செருப்பு, சேறு.

"ஒருத்தராவது வந்தீங்களே அண்ணா" என்றாள்.

"யாரும்மா நீ? அடிகிடி பட்டுடுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. போன வருஷம் இங்க விழுந்தவரு என் வீட்டுக்காரர். இது அவர் சட்டை. இந்த விசிலைக் கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாராம், விரலைப் பிரிச்சு எடுத்துக் கொடுத்தாங்க." உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "நீங்க எல்லாரும் வர்றதுக்கு முன்னாடியே பஸ்ஸைப் பிடிச்சு வந்து உட்கார்ந்துட்டேன்."

மெக்கானிக் இறங்கிப் போய் அவள் எழுந்துகொள்ளக் கை கொடுத்தான். அந்தக் கை ஐஸ்கட்டியாக இருந்தது.

"தனியா இங்க உட்கார்ந்து ஊதினா யாருக்கும்மா என்ன பிரயோஜனம்?"

அவள் கூடாரங்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

"அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. கூடாரம் வரைக்கும் கேட்டுதா?"

"பக்கத்துல நின்னு ஊதற மாதிரி கேட்டுது."

"உங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான். பாவம், பயந்துட்டாங்க. அதான் வரலை."

"அவ்வளவு சத்தமாப் பாட்டு ஓடுதே, அதையும் தாண்டியா?"

"பாட்டைப் போட்டதே இது கேட்டதுக்கு அப்புறம்தான்மா."

அவள் விசிலைச் சட்டை நுனியில் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"போதும்ண்ணா. இதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். 'அந்தப் பள்ளத்துல நின்னு எவ்வளவு ஊதினாலும் இங்க கேட்கவே கேட்காதும்மா, கேட்டிருந்தா உயிரைக் கொடுத்தாவது ஓடிப்போயிருப்போம்'னு, அன்னைக்கு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டுக் கதறி அழுதாரு, உங்க கேப்டன்."