ட்ரையல் ரூம் மகாராணி

"அக்கா, மகாராணி வந்தாச்சு."

பில் போடும் பெண் கண்ணைக் காட்டியதுமே மேற்பார்வை அக்காவுக்கு அலுப்பாக வந்தது. மணி இரண்டு. காலையிலிருந்து நின்று நின்று கணுக்கால் கழன்றுவிடும் போலிருந்தது. இதில் இவள் வேறு!

எல்லாம் மேனேஜரின் யோசனையால் வந்தது. 'இந்த வெயிலுக்கு ஒரு கவுன், ஒரு பழைய நாவல்' என்று துணிக்கடை வாசலில் எழுதிப் போட்டிருந்தார். ஐந்து பொம்மைகளுக்கு ஐந்து கவுன். ஒவ்வொன்றின் கையிலும் தலையணை கனத்தில் ஒரு நாவல். கடல் கதைக்கு நீலம், காதல் கதைக்கு வெள்ளை, கொலைக் கதைக்குக் கறுப்பு.

வந்தவர்கள் பொம்மையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். மகாராணி மட்டும் விடவில்லை. அறுபது தாண்டிய அம்மாள். பதினொரு நாளாகத் தினமும் வந்து, நீலக் கவுனையும் அதன் நாவலையும் எடுத்துக்கொள்வாள்.

"முதுகுல இத்தனை கொக்கி வச்சிருக்கீங்க. மாட்டிவிட ஆள் வேணும். அந்தப் பொண்ணை அனுப்புங்க."

அந்தப் பொண்ணு, கடையில் எல்லோருக்கும் சின்னவள். வயிற்றில் ஏழு மாதம்.

ட்ரையல் ரூமுக்குள் போனால் முழுசாக ஒரு மணி நேரம். வெளியே வரும்போது "பிடிக்கலை" என்று ஒரே வார்த்தை. சின்னவளோ தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே வருவாள்.

"வாயும் வயிறுமா இருக்கிறவளை இப்படி வேலை வாங்கறாங்களே. மனசுல ஈரம் வேண்டாம்?" என்றாள் பில் போடும் பெண்.

"வசதி இருக்கிறவங்களுக்கு நாமளும் பொம்மைதான்டி" என்றாள் மேற்பார்வை அக்கா.

இன்றைக்கும் இருவரும் உள்ளே போய் அரை மணி ஆயிற்று. மேற்பார்வை அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"சார், நான் போய்க் கேட்டுடறேன். ஒண்ணு வாங்கட்டும், இல்லைன்னா கிளம்பட்டும்."

"மரியாதையா கேளும்மா. கஸ்டமர்" என்றார் மேனேஜர்.

திரைக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள்.

"அம்மா, கொக்கி மாட்டியாச்சா?"

காகிதம் புரளும் சத்தம்தான் கேட்டது.

திரையை விலக்கினாள்.

நீலக் கவுன் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மகாராணி கண்ணாடியில் சாய்ந்து நின்றபடி நாவல் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்த ஒரே ஸ்டூலில், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள் சின்னவள். பாதம் இரண்டும் பன் மாதிரி வீங்கியிருந்தன.

மகாராணி உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதேம்மா. இப்பதான் கண்ணசந்தா."

"நீங்க... கவுன் வாங்க வரலையா?"

"முதல் நாள் அதுக்குத்தான் வந்தேன். குனிஞ்சப்போ இவ காலைப் பார்த்தேன். அப்புறம் எங்க கவுனைப் பார்க்கறது?"

மேற்பார்வை அக்காவுக்குச் சுருக்கென்றது. போன மாதம் சின்னவள் ஒரு ஸ்டூல் கேட்டு வந்து நின்றாள். 'உனக்குப் போட்டா பத்துப் பேரும் கேப்பாங்க. நானும் ரெண்டு பெத்தவதான், நின்னுக்கிட்டேதான் பெத்தேன்' என்று அனுப்பியது இவளேதான். அந்தக் கால்களைத் தினமும் பார்க்கிறவளும் இவள்தான்.

"கதை நல்லாத்தான் போகுது. கப்பல்தான் இன்னும் கரை சேரலை" என்று மகாராணி பக்கத்தைத் திருப்பினாள். "வெளிய இன்னும் நாலு நாவல் இருக்கில்ல? எல்லாம் முடியறதுக்குள்ள இவளுக்கு லீவு வந்துடும்."

"உங்களுக்குக் கால் வலிக்கலையாம்மா?"

"வலிக்காம என்ன? ஸ்டூல் ஒண்ணுதானே இருக்கு."

மேற்பார்வை அக்கா திரையை இடுக்கில்லாமல் இழுத்து மூடினாள். நேரே கல்லாவுக்குப் போனாள்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன, கிளம்பறாங்களாமா?"

"இல்ல சார். நாளைக்கும் வருவாங்க." செருமிக்கொண்டாள். "கஸ்டமருக்கு நிக்க முடியலையாம். கொஞ்சம் எந்திரிங்க சார், அந்த நாற்காலி வேணும்."