பரிசுத்தமான அரிசி

“மாஷா அல்லாஹ்! கஞ்சின்னா இதுதான் கஞ்சி. அரிசி கொடுத்த கையோட பரிசுத்தம் அப்படியே நாக்குல தெரியுது!” என்று மூன்றாவது கோப்பையையும் காலி செய்தார் நஸ்ருல்லா ஹாஜியார்.

பாலக்கரைப் பள்ளிவாசல் முற்றத்தில், மஃரிப் தொழுகை முடிந்தும் கூட்டம் கலையவில்லை. ஜமாஅத் செயலாளரான ஹாஜியார் உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதான். அவர் மடியில் ஒரு சால்வை இருந்தது. சட்டைப் பையில் ஒரு தீர்மானம் இருந்தது. சால்வை, பக்கத்துத் தெரு ரோசம்மாள் டீச்சருக்கு. தீர்மானம், பரக்கத் அலிக்கு.

பரக்கத் அலி மீது ஹாஜியாருக்கு ஒரு வருடப் பகை. போன ரமலானில் இமாம் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், ஹாஜியார் முன்னால் நின்று தொழவைத்தார். தன் குரலில் தானே சொக்கிப்போனதில் ஒரு வசனம் விட்டுப்போனது. பின் வரிசையிலிருந்து பரக்கத் அலி மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

எடுத்துக் கொடுப்பது கடமை என்கிறது மார்க்கம். இருநூறு பேர் முன்னால் எடுத்துக் கொடுத்துவிட்டானே என்றது ஹாஜியாரின் மனசு. அன்றிலிருந்து அவர் தூக்கம் அரைத்தூக்கம்தான்.

பழிதீர்க்கத் தோதாக அமைந்தது பரக்கத் அலியின் வேலை. கன்டோன்மென்டில் பார் வைத்த ஹோட்டல் ஒன்றில் துணி துவைக்கிறவர். ஒரு பக்கம் பாட்டில் சத்தம், ஒரு பக்கம் பாட்டுச் சத்தம். நடுவில், படுக்கை விரிப்புகளை அடுக்கும் அறையில், அவருடைய தொழுகை விரிப்பு. ஐந்து வேளையில் ஒரு வேளை தவறியதில்லை என்று ஊரே சொன்னது. அது வேறு ஹாஜியாருக்கு எரிந்தது.

இன்றைய நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுக்கும் முறை பரக்கத் அலியுடையது. ஹோட்டல் துணி மூட்டைகளைத் தைப்பது போலவே சிவப்பு நூலால் வாய் தைத்த மூட்டையைக் காலையில் கொண்டுவந்து இறக்கினார். ஹாஜியார் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. பார்த்தாலே நோன்பு முறிந்துவிடும் என்பது போல மினாராவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சாராய வாடையில சம்பாதிச்சது நோன்பாளி வயித்துக்குள்ள போகக் கூடாது. மன்சூர், இதை வெளியில இழுத்துப் போடுப்பா!”

“நான் துவைக்கிறவன் ஹாஜியாரே. அழுக்கு இருக்கிற இடத்துலதானே எனக்கு வேலை?” என்றார் பரக்கத் அலி.

“வியாக்கியானம் வேண்டாம். முக்கொம்புல ஆறு ரெண்டாப் பிரியுதுல்ல? அந்த மாதிரி ஹலால் தனி, ஹராம் தனி!”

கஞ்சி காய்ச்சும் மன்சூர் மூட்டையை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டார். பரக்கத் அலி ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். கெஞ்சியிருந்தால் ஹாஜியார் குளிர்ந்திருப்பார். ஸலாம் சொன்னதுதான் பொறுக்கவில்லை. உடனே உட்கார்ந்து தீர்மானத்தை எழுதினார்.

பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார் ரோசம்மாள் டீச்சர். “இன்னிக்குக் கஞ்சிக்கு அரிசி இல்லைன்னாங்க. உள்ளே ஒரு மூட்டை இறக்கியிருக்கேன், எடுத்துக்குங்க” என்றார்.

ஹாஜியாருக்குப் பொறி தட்டியது. இந்தம்மாவுக்குப் போடுகிற சால்வையிலேயே பரக்கத் அலியின் கழுத்தை இறுக்கிவிடலாம்! சால்வை வாங்க ஆளனுப்பினார். அடுப்படியில் மூட்டையைப் பிரித்த மன்சூர், கையில் வந்த நூலைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நோன்பு தலைக்கேறிவிட்டது என்று ஹாஜியார் நினைத்துக்கொண்டார்.

இப்போது அவர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“பெரியோர்களே! இவங்க வேற மார்க்கம். ஆனா இவங்க கொடுத்த அரிசியில ஒரு மாசு மருவு உண்டா? குடிச்ச நீங்களே சாட்சி! நம்மாளு ஒருத்தன் இருக்கான். தொழுவானாம், ஓதுவானாம், அடுத்தவனுக்கு எடுத்தும் கொடுப்பானாம். இருக்கிறது எங்க? பார்ல!”

கடைசி வரிசையில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரக்கத் அலி தலை குனிந்தார். பெருநாள் கழிந்து எட்டாம் நாள் அவர் மகள் சம்ரீனுக்கு நிக்காஹ். அந்த நிக்காஹை ஜமாஅத் நடத்திவைக்காது என்பதுதான் தீர்மானம். எல்லோரும் கை தூக்கினால் முடிந்தது கதை.

ஹாஜியார் சால்வையைப் போர்த்தினார். செல்போன்கள் எல்லாம் படம் பிடித்தன. ஒரு கை பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, கடைசி ஆணியையும் அடித்துவிட நினைத்தார்.

“டீச்சரம்மா, ஹலாலான அரிசின்னா எப்படி இருக்கும்னு சில பேருக்குப் புரியணும். இதை எந்தக் கடையில வாங்குனீங்க? சத்தமாச் சொல்லுங்க. இனிமே நம்ம பள்ளிக்கு அங்கதான்!”

டீச்சர் கடைசி வரிசையைப் பார்த்தார். பரக்கத் அலி வேண்டாம், வேண்டாம் என்று தலையசைத்தார். டீச்சர் சால்வையைக் கழற்றி, நிதானமாக நாலாக மடித்து ஹாஜியார் கையிலேயே கொடுத்தார்.

“மன்னிச்சுக்குங்க அலி பாய். எனக்கும் இது தவக்காலம், பொய் சொல்ல வாய் வரலை” என்றவர், ஹாஜியார் பக்கம் திரும்பினார்.

“கடையில வாங்கலைங்க ஹாஜியாரே, காலையில உங்க வாசல்ல கிடந்துச்சு.”