ஒரு ஸ்பூன் கரி

"தண்ணி தெளிய நாலு வாரமா? யார் காதுலய்யா பூ சுத்தறே?"

வக்கீலுக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பவர் குற்றவாளிக் கூண்டில்தான். இன்று அங்கே நின்றவர் மீன்தொட்டி பழுது பார்ப்பவர்.

கூடத்திலிருந்த கடல்மீன் தொட்டியில் உப்புத் தண்ணீர் மஞ்சளேறிக் கிடந்தது. போன தடவை வந்த சம்பந்தி, "மீனுக்கும் டீ போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாளை மறுபடி வருகிறார்.

"கரி போட்டா ஒரே நாள்ல தெளிஞ்சிடும் சார். ஆனா உள்ள வளர்ற பவளம் தாங்காது. இத்தனை மாசமா மங்கின வெளிச்சத்துக்குப் பழகிடுச்சு. தண்ணி திடீர்னு தெளிஞ்சா லைட் நேரா அடிக்கும். வெளுத்துச் செத்துடும். வாரத்துக்கு ஒரு ஸ்பூன் கரி போடுவோம்."

"நாலு தடவை வந்து போக இது ஒரு சாக்கு! எனக்குத் தெரியாதா உங்க ஆட்களை?"

அதற்குமேல் வக்கீல் பேசியதெல்லாம் எழுதத் தக்கதல்ல. தொட்டிக்காரர் தொட்டிமேல் குனிந்தபடியே வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும், அவர் வைத்துவிட்டுப் போன டப்பாவிலிருந்த கரி மொத்தத்தையும் ஃபில்டரில் கொட்டினார் வக்கீல்.

மறுநாள் தண்ணீர் பளிங்காக இருந்தது. சம்பந்தி வாயைப் பிளந்தார். வக்கீலுக்குத் தலைகால் புரியவில்லை.

சம்பந்தி படியிறங்கியதும் மனைவி ஆரம்பித்தாள். "ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலையே! அந்தப் பவளம் செத்தா என்ன செய்வீங்க?"

கட்டைவிரல் அளவில் வாங்கி, ஆறு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த பவளம். வக்கீல் தொட்டிக்காரருக்குப் போன் போட்டார்.

"தம்பி... கரியை மொத்தமா கொட்டிட்டேன்பா."

"கொட்டுவீங்கன்னு தெரியும் சார். பவளம் எப்படி இருக்கு?"

"விரிஞ்சுதான் இருக்கு. நிறமும் அப்படியேதான்..."

"அப்ப பயமில்லை. லைட்டுக்கு அடியில பாருங்க."

குனிந்து பார்த்தார். விளக்குக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக நாலு துண்டு கொசுவலை இழுத்துக் கட்டியிருந்தது. வக்கீலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வெளிச்சத்தை அதுவே மட்டுப்படுத்திடும் சார். வாரம் ஒண்ணா நீங்களே எடுத்துடுங்க. நான் வரவேண்டியதில்லை."

"இதை எப்பப்பா கட்டினே?"

"நேத்து நீங்க என்னைத் திட்டிக்கிட்டிருந்தீங்களே, அப்பதான் சார்."