கம்பீரமான வார்த்தை

தடி இறங்கும் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது.

பூங்கோதை போனில் இருந்த இங்கிலீஷ் வார்த்தையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

விம்ப்பர். அலறத் தெம்பில்லாமல் முனகுவது.

விசாரணை அறையில் இசக்கிராஜ் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பைக் திருடினான் என்று காலையில் பிடித்து வந்திருந்தார்கள்.

"ஏல, ஒத்துக்கிடுதியா இல்லையா?" இன்ஸ்பெக்டர் தனசிங்கின் குரல்.

"நான் எடுக்கல சார்."

மறுபடியும் தடி.

பூங்கோதை இந்த ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். மத்திய அரசுத் தேர்வு ஒன்றில் பாஸ் செய்து, காக்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏதாவது ஒரு ஆபீஸில் ஃபேனுக்குக் கீழே உட்கார வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ்தான் காலை வாரிவிடுகிறது.

கோச்சிங் சென்டரில் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்கள். வார்த்தையை உருப்போடாதே. கண்ணால் பார்த்த ஒன்றோடு முடிச்சுப் போட்டு வை. சாகிற வரைக்கும் மறக்காது.

அவள் கண்ணால் பார்ப்பதெல்லாம் இந்த ஸ்டேஷனைத்தான்.

ரைத் என்றால் வலி தாங்காமல் நெளிவது. அது போன மாதம் வந்த லாரி டிரைவர். குரோவல் என்றால் காலில் விழுந்து கெஞ்சுவது. அது அந்த டிரைவரின் அப்பா. வார்த்தைகள் மளமளவென்று ஏறின. மாதிரித் தேர்வில் மார்க்கும் ஏறியது. வெட்கக்கேடுதான். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை.

விரலால் அடுத்த வார்த்தைக்குத் தள்ளினாள்.

பிளட்ஜன். கனத்த தடியால் மறுபடி மறுபடி அடித்து நொறுக்குவது.

சுவருக்கு அந்தப் பக்கம் எலும்பு முறிந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம்.

அதன் பிறகு வந்த அலறலுக்கு அவளிடம் வார்த்தை இல்லை.

தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். போனாள். அவனுடைய வலது கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பித் தொங்கியது. டம்ளரை அவள்தான் பிடித்துக்கொண்டாள். பல்லில் டம்ளர் டகடகவென்று இடித்தது.

"அக்கா, வெளிய எங்கம்மா இருக்கா. அவட்ட சொல்லாதிய."

அவனுக்கு அவளைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும்.

மத்தியானம் பைக் கிடைத்துவிட்டது. வண்டிக்குச் சொந்தக்காரருடைய மச்சான்தான் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அதற்குள் யாரோ ஒரு வக்கீல் எஸ்.பி.க்கே போன் போட்டுவிட்டார். எஸ்.பி. ஊருக்குப் புதுசு. வடக்கே இருந்து வந்தவர், தமிழ் வராது. நல்லவரா கெட்டவரா என்று இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. பையன் கை எப்படி உடைந்தது, உடனே இங்கிலீஷில் ரிப்போர்ட் வேண்டும் என்றார்.

ரிப்போர்ட் போகும்வரை பையனை ஆஸ்பத்திரிக்கு விடக் கூடாது என்றார் தனசிங்.

இந்த ஸ்டேஷனில் கை உடைந்தால் காரணம் ஒன்றுதான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான். அப்புறம் மாவுக்கட்டு. அப்புறம் போட்டோ. போலீஸ்காரர்களும் அதே பாத்ரூமுக்குத்தான் போகிறார்கள். இதுவரை ஒருவர்கூட வழுக்கியதில்லை.

இங்கிலீஷ் படிக்கிறவள் என்று ரிப்போர்ட் பூங்கோதை தலையில் விழுந்தது. தனசிங் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சட்டையில் வியர்வை நாற்றம்.

"எம்மா, ஸ்லிப்புன்னு போட்டா சின்னப்புள்ள எழுதுன மாதிரி இருக்கு. அவரு படிச்ச ஆபீசர். கம்பீரமா ஒரு வார்த்த போடு."

கீபோர்டில் விரலை வைத்தாள்.

பயமாக இருந்தது. வேலை போகும். வேலையோடு போனால் புண்ணியம். தேர்வு, ஆபீஸ், ஃபேன் எல்லாவற்றுக்கும் முழுக்குத்தான்.

டம்ளரில் பல் இடித்த சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

டைப் செய்தாள்.

தனசிங் குனிந்து எழுத்துக் கூட்டினார். "பிளட்... ஜன்ட். பாத்ரூமில் பிளட்ஜன்ட். அப்படின்னா?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வழுக்கி விழுறதுதான் சார். பெரிய பரீட்சையில எல்லாம் இதத்தான் கேக்காவ."

அவர் அந்த வார்த்தையை வாயில் போட்டு இன்னொரு தடவை மென்று பார்த்தார். பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டார், சீல் வைத்தார். மெயில் போனது.

"இனிமே எவன் விழுந்தாலும் இதையே போட்டுரு."

"சரி சார்."

பின்கேட் வழியாக ஜீப் இசக்கிராஜை ஏற்றிக்கொண்டு போனது.

பூங்கோதை முன்வாசலுக்கு வந்தாள். பறிமுதல் செய்த வண்டிகளுக்கு நடுவில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் சாப்பாட்டுத் தூக்கு. திறக்கவே இல்லை.

"எம்மா, வழுக்கி விழுந்துட்டான்னு சொல்லுதாவளே. அடி பலமா?"

பூங்கோதை தொப்பியைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போங்கம்மா. உங்க மகன் வழுக்கி விழல. அத அங்க டாக்டர்ட்ட சத்தமாச் சொல்லுங்க."

அந்த அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

உள்ளே போன் அடித்தது.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். தனசிங் எழுந்து நின்று பேசினார். சார், சார் என்றார். பிறகு அதுவும் நின்றுபோனது. ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

"பூங்கோதை."

அவள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

குரல் விசாரணை அறையிலிருந்து வந்தது.