பச்சை கேட் வீடு

பொழிச்சலூரிலிருந்து குட்டியானை வண்டியோடு வந்த லோகுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பச்சை கேட் போட்ட மாடி வீடு முழுசாக நின்றது; வாசலில் மட்டும் அத்தனை இடிபாடு குவிந்து கிடந்தது.

"பாத்ரூம் இடிச்சா இவ்ளோவாக்கா வரும்?"

வண்டிக்குக் கூப்பிட்டிருந்த நிஷா முறைத்தாள். "சீக்கிரம் அள்ளுங்கண்ணா. சாயங்காலத்துக்குள்ள அள்ளலேன்னா கேஸ் போடுவாங்களாம்."

'சொந்த வூட்டுக் கல்லுக்கு எவன் கேஸ் போடுவான்?' குழப்பத்தோடே அள்ளினான். சமையல் மேடைக் கல் வந்தது. காலண்டர் ஆணியோடு ஒரு துண்டுச் சுவரும் வந்தது.

நாக்கு வறண்டது. "குடிக்க தண்ணி குடுக்கா."

நிஷா கேட்டைத் திறக்கவில்லை. முனைக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்து நீட்டினாள். லோகுவுக்குச் சுருக்கென்றது.

"இம்மாம் பெரிய வூட்ட வெச்சுகினு கடைல வாங்கியாந்து குடுக்குற. நான் வாய் வெச்சா உங்க சொம்பு தீட்டாயிடுமா?"

"அது யார் வீடோண்ணா. எங்க வீடு அதுக்குப் பின்னாடி இருந்துச்சு. ஏரி இடம்னு நேத்து ஜேசிபி விட்டு இடிச்சு இங்க தள்ளிட்டாங்க. அள்ளுறதும் நாங்களேதானாம்."

ஏற்றி முடித்திருந்த வண்டியின் மேல் கை வைத்தாள்.

"சொம்பு இதுக்குள்ளதான் எங்கயோ கிடக்குது."