ஆசிரியர் பிரதி

செஞ்சி பஸ் மேம்பாலம் ஏறுவதற்குள் அருணாதேவி மடியிலிருந்த பார்சலைப் பல்லால் கடித்துப் பிரித்துவிட்டாள்.

உள்ளே அவள் எழுதிய நாவல். எழுதியவருக்கென்று பதிப்பகம் அனுப்புகிற பத்துப் பிரதிகள். புது மை வாசனை பஸ்ஸின் டீசல் நாற்றத்தையும் மீறி வந்தது.

முதல் பிரதியைப் பக்கத்தில் இருந்த வேதாவின் கையில் வைத்தாள். "மொதல்ல நீங்கதான்க்கா பாக்கணும்."

வேதா சிரித்தாள். சிரித்துச் சிரித்து இந்த ஆறு மாதமாகக் கன்னம் வலிக்கிறது.

இருவரும் கீழ்பென்னாத்தூரில் ஒரே பள்ளியில் டீச்சர்கள். திருவண்ணாமலையிலிருந்து தினமும் இதே பஸ், கிடைத்தால் இதே சீட்டு. வேதா இருபது வருடமாக எழுதுகிறாள். சிறுபத்திரிகைகளில் கதைகள் வந்திருக்கின்றன, சென்னையில் நாலு பேருக்குப் பெயர் தெரியும். புத்தகம் என்று ஒன்று மட்டும் இல்லை. அவளுடைய நாவல் இதே பதிப்பகத்தில்தான், "பார்க்கிறோம் மேடம்" என்ற பதிலோடு கிடக்கிறது.

அருணாதேவி மூச்சு விடாமல் ஒரு நாவலை எழுதி, அனுப்பி, ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அழுத்தக்காரி.

அது ஆடி மாதம். ஆடியில் கையெழுத்துப் போடக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட, ஒப்பந்தம் ஆவணி பிறக்கும்வரை சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அதற்குள் பதிப்பகத்துக்கு மனசு மாறிவிடும் என்று வேதா காத்திருந்தாள். மாறவில்லை.

ஆவணி பிறந்ததும் இதே பஸ்ஸில், வேதாவின் கைப்பையை அடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனா அழுந்திய ஒவ்வொரு தடவையும் வேதாவுக்கு வயிறு எரிந்தது.

அப்புறம் பிழை பார்த்துத் தரச் சொல்லி மெய்ப்பு வந்தது. விடைத்தாள் திருத்துகிற தோரணையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, "இங்க கமா வேணுமாக்கா?" என்று ஊர் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டு வந்தாள். வேதா சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். கமாவில் பழிவாங்கி என்ன ஆகப்போகிறது?

அட்டைக்கு மூன்று படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது மட்டும் இருப்பதிலேயே சகிக்காததைக் கைகாட்டினாள். அருணாதேவி கொஞ்சம் யோசித்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டாள்.

தீபத்துக்கு ஊரே அடைபட்டு, பார்சல் ஆபீஸில் எல்லாம் தேங்கிக் கிடந்த வாரம்தான் வேதா நிம்மதியாகத் தூங்கினாள்.

இப்போது அது கைக்கே வந்துவிட்டது. அட்டை நன்றாகவேறு இருந்து தொலைத்தது.

வேதா புத்தகத்தை நடுவில் பிரித்தாள். பதிமூன்றாம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கம். திருப்பினாள். பதினான்காம் அத்தியாயத்தின் முதல் வரியைப் படித்தாள். மூடிவிட்டாள்.

"என்னக்கா நடுவுல பாக்கறீங்க? மொதல்ல இருந்து படிங்க."

"அச்சு எப்படி இருக்குனு பாத்தேன்."

அருணாதேவி நெருங்கி உட்கார்ந்தாள். "ஒண்ணு சொல்லட்டாக்கா? வர்ற நாவல மொதல்ல வெளியாள் ஒருத்தருக்கு அனுப்பிக் கேப்பாங்களாம். யாருனு நமக்குச் சொல்ல மாட்டாங்க. என்னுத படிச்ச புண்ணியவான், கண்டிப்பா போடுங்கனு எழுதிட்டாராம். பதினாலாவது அத்தியாயத்த மட்டும் எடுத்துடச் சொன்னாராம். மகன் செத்துட்டான்னு சேதி வந்தப்புறமும் ஆதிலட்சுமி விதை மல்லாட்டை உரிச்சிக்கினே இருப்பாளே, அந்த அத்தியாயம். அழுதேங்கா. அப்புறம் பெரிய ஆளு சொன்னா சரியாத்தான இருக்கும்னு எடுத்துட்டு, அடுத்தத பதினாலாக்கிட்டேன். இப்ப அதுல வேற என்ன எழுதினேன்னே மறந்துபோச்சு. அவரு யாருனு மட்டும் தெரிஞ்சா நேர்ல போய்க் கும்புடுவேன்."

வேதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த நாவல் வேதாவுக்கு, எழுதியவர் பெயரில்லாமல்தான் வந்தது. "உங்க பக்கத்துக் கதை மேடம், ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்று எடிட்டர் அனுப்பியிருந்தார். ஆதிலட்சுமி பேசிய முதல் பேச்சிலேயே அருணாதேவியின் குரல் கேட்டுவிட்டது. வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தாள். இவ்வளவு நல்ல எழுத்தை மோசம் என்று சொல்ல அவளுக்குக் கை வரவில்லை. போடுங்கள் என்றே எழுதினாள்.

ஆனால் பதினான்காம் அத்தியாயத்தைப் படித்தபோது சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதிருந்தாள். அப்படி ஒன்றைத் தன்னால் எந்தக் காலத்திலும் எழுத முடியாது என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "இந்த அத்தியாயம் கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது, நீக்கிவிடலாம்" என்று கடைசியில் சேர்த்தாள்.

கீழ்பென்னாத்தூர் வந்துவிட்டது. அருணாதேவி பார்சலை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி, கீழே நின்று கையாட்டிக் கூப்பிட்டாள்.

வேதா எழுந்திருக்கவில்லை. நீக்கிய அத்தியாயத்தில் ஆதிலட்சுமி நிலக்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். நாளைக்கு விதைக்க வேண்டும், மூட்டை தீரட்டும் என்கிறாள். கடைசி மல்லாட்டையை உடைக்கிறாள், உள்ளே பருப்பு இல்லை. அதைக் கீழே போட மனமில்லாமல் முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.

எழுதியவளுக்கு மறந்துவிட்டது. வேதாவுக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை.