ஒரே ஓனர் வண்டி

பிரதாப்பின் பழைய செடானை விலைக்குப் பார்க்க வந்த முனிரத்தினம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் படுத்தே விட்டார்.

"கட்டில் தோத்துப் போவும்ங்க."

அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமத்து ஆள். சுலபமாகத் தலையில் கட்டிவிடலாம் என்று ஓசூர் கம்பெனி இன்ஜினீயரான பிரதாப்புக்குத் தெம்பு வந்தது.

"ஒரே ஓனர் சார், பதினோரு வருஷம். ஏசி போட்டா ஸ்வெட்டர் தேடுவீங்க."

அவர் பானெட்டைத் திறந்தார், டிக்கிக்குள் தலையை விட்டார், நாலு டயரையும் உதைத்தார். சிப்காட் வரைக்கும் ஓட்டியும் பார்த்தார்.

"வண்டியில குறையே இல்லையே. பின்ன ஏன் விக்கிறீங்க?"

பிரதாப் சிரித்தான். "நாகரசம்பட்டியில பொண்ணு பேசியிருக்கு சார். நிச்சயத்தன்னிக்குச் சபையில வச்சு புதுக் கார் கேட்டா, மானத்துக்குப் பயந்து அவங்கப்பா தந்துதானே ஆகணும்? அதுக்குள்ள இதைத் தள்ளிடணும்."

முனிரத்தினம் சாவியை அவன் கையிலேயே திருப்பி வைத்தார்.

"நல்ல வண்டிப்பா. விக்காத, உனக்கே வேணும்."

"ஏன் சார்?"

"புதுசு வராது. மாப்பிள்ளை எப்படின்னு அக்கம்பக்கத்துல விசாரிச்சா எல்லாரும் தங்கம்னுதான் சொல்றாங்க. அதான் வண்டி பாக்கிற சாக்குல நேரா வந்தேன். பொண்ணுக்குத் தாய்மாமன் நான்."